இழுத்தாலும் மாறாத பரப்பு

நான் கணினியில் வரைந்த முதல் சதுரம் இரண்டு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

நாமக்கல்லில் கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஆளுக்கொரு கணினியைக் கொடுத்து, வடிவியல் மென்பொருள் ஒன்றைத் திறந்துவைத்து, ஒரு சதுரம் வரையுங்கள் என்றார் பயிற்சியாளர். என்னைவிடப் பத்து வயதாவது இளைய பெண். பதினெட்டு வருடங்களாகக் கரும்பலகையில் சதுரம் வரைந்துவந்த எனக்கு, இதெல்லாம் ஒரு வேலையா என்றிருந்தது. திரையில் தெரிந்த கட்டங்களைப் பார்த்து நான்கு புள்ளிகள் வைத்துக் கோடுகளால் சேர்த்தேன். கச்சிதமான சதுரம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் என் பின்னால் வந்து நின்றார். "ஒரு மூலையப் புடிச்சு இழுங்க மேடம்."

இழுத்தேன். அந்த மூலை மட்டும் தனியாக வந்தது. மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்க, என் சதுரம் காற்றில் மாட்டிய பட்டம் மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"பார்க்க சதுரம் மாதிரி நாலு புள்ளி வச்சிருக்கீங்க. ஆனா சதுரமா இருக்கணும்னு அதுகிட்ட நீங்க சொல்லவே இல்லையே" என்றார்.

அவரே இன்னொன்று செய்துகாட்டினார். ஒரு கோட்டுத்துண்டு. அதன் இரு முனைகளிலும் செங்குத்துக் கோடுகள். கோட்டுத்துண்டின் நீளத்தையே ஆரமாகக் கொண்டு இரண்டு வட்டங்கள். வட்டமும் செங்குத்தும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் மீதி இரண்டு மூலைகள். இப்போது இழுக்கச் சொன்னார். சதுரம் பெருத்தது, சிறுத்தது, தலைகீழாகச் சுழன்றது. ஆனால் சதுரமாகவே இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போன பிறகும் நான் அதை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மென்பொருளில் நாமாக வைக்கும் புள்ளி நீல நிறத்தில் இருக்கும். அதை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்வதால் பிறக்கும் புள்ளி கறுப்பாக இருக்கும். அதை நாம் தொட்டு இழுக்க முடியாது. மற்றவை நகர்ந்தால் அது தானாகத் தன் இடத்துக்குப் போகும். ஒரு படத்தில் எது நம் விருப்பம், எது கட்டாயம் என்று நிறமே சொல்லிவிடும். இத்தனை வருடம் வடிவியல் சொல்லிக்கொடுத்தும் இந்த வேறுபாட்டை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

நான் சேலத்துக்காரி. அத்தா அங்கே பாத்திரக்கடை வைத்திருந்தார். கல்யாணமாகிப் பரமத்தி வேலூர் வந்தேன். கணவர் பேருந்து நிலையத்துக்கு அருகே தையல் கடை நடத்துகிறார். ஜேடர்பாளையம் போகும் பாதையில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு வேலை. பள்ளியில் பத்துக் கணினிகள் கொண்ட ஓர் அறை உண்டு. பயிற்சி முடிந்து வந்ததும் அந்த அறையின் சாவி பெரும்பாலும் என்னிடம்தான் இருந்தது.

முதலில் ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிப்போனேன். முக்கோணம் ஒன்றை வரைந்து, மூன்று கோணங்களின் கூடுதலைத் திரையில் எழுதவைத்து, மூலைகளை இழுக்கச் சொன்னேன். எப்படி இழுத்தாலும் நூற்று எண்பது. ஒரு மாணவி முக்கோணத்தை ஊசிபோல் ஒல்லியாக்கிப் பார்த்தாள். திரையை விட்டு வெளியே போகும் அளவுக்கு நீட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எவ்வளவு தூரம் இழுத்தா மிஸ் இது மாறும்?"

மாறாது என்றேன். அவள் நம்பவில்லை. மணி அடிக்கும்வரை இழுத்தாள். எனக்கு அவளைக் கண்டிக்கத் தோன்றவில்லை. வீட்டில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியருக்கு என் வயதுதான் இருக்கும். விளையாட்டு விழாவுக்கு ஓடுபாதை போடும்போது வளைவுகளின் அளவு பற்றிச் சந்தேகம் கேட்க அந்த அறைக்கு வருவார். நாடாவும் கயிறும் சுண்ணாம்புத் தூளும் இருந்தால் எந்த மைதானத்திலும் செங்கோணம் பிடித்துவிடுவார். ஒருநாள் ஓடுபாதை வேலை எதுவும் இல்லாத நேரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், மூணு மூலை நெலம் ஒண்ண ரெண்டு சமபாகமாப் பிரிக்கணும். உங்க பொட்டி வழி சொல்லுங்களா?"

ஜேடர்பாளையம் பக்கத்தில் அவருக்கும் அவருடைய அக்காவுக்கும் அப்பா விட்டுப்போன தோட்டம். ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. விவசாயம் பார்ப்பதெல்லாம் அக்காதான். இருவருக்கும் சண்டை கிடையாது. நாம் நன்றாக இருக்கும்போதே பிரித்துக் கல் நட்டுவிடுவோம், பிள்ளைகள் காலத்தில் பேச்சு வர வேண்டாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

தோட்டத்தின் ஒரு பக்கம் சாலை. எதிர் மூலையை வாய்க்கால் தொட்டுக்கொண்டு போகிறது. கிணறு சாலையோரமாக இருக்கிறது. இருவர் பங்கும் கிணற்றைத் தொட வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்த நிபந்தனை. ஊரில் இரண்டு யோசனைகள் சொல்லியிருந்தார்கள். வாய்க்கால் மூலையிலிருந்து சாலைப் பக்கத்தின் நடுவுக்குக் கோடு போட்டால் பங்கு சமம். ஆனால் கிணறு நடுவில் இல்லாததால் அது ஒருவருக்கே போய்விடும். வாய்க்கால் மூலையிலிருந்து கிணற்றுக்கே கோடு போட்டால் கிணறு இருவருக்கும் வரும். பங்கு சமமாக இருக்காது.

"அளவு வச்சிருக்கீங்களா சார்?"

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். மூன்று பக்கங்களையும் தன் நாடாவால் அவரே அளந்திருந்தார். சாலைப் பக்கம் சரியாக நூற்று இருபது மீட்டர்.

அந்தச் சனிக்கிழமை அக்காவும் பள்ளிக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். வெயிலில் கறுத்த முகம். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, கணினிகளை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சாலைக்கான கோட்டை வரைந்தேன். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் மற்ற இரு பக்கங்களின் நீளத்தை ஆரமாக வைத்து வட்டங்கள் போட்டேன். வட்டங்கள் வெட்டிக்கொண்ட இடத்தில் மூன்றாவது மூலை. வட்டங்களை மறைத்ததும் பச்சை நிறத்தில் தோட்டம் நின்றது.

எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சரு, இந்தப் படத்துல மேல இருக்கறது வடக்குங்களா?"

"ஆமாங்க."

"அப்பறம் வாய்க்கா எதுக்குங்க மேல போயிருச்சு? எங்க தோட்டத்துல ரோடு வடக்கால, வாய்க்கா தெக்காலைங்க."

இப்படிப் போடும் இரண்டு வட்டங்கள் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. நான் யோசிக்காமல் மேலே இருந்ததை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் தெரிகிற தோட்டத்தை வரைந்திருந்தேன். கீழே இருந்த புள்ளிக்கு மாற்றியதும், "இப்பச் சரிங்க" என்றார். பிறகு திரையைத் தொடாமல் விரலால் ஒவ்வொரு இடமாகக் காட்டினார். மேற்கு வரப்பு இது. இங்கே வெற்றிலைக் கொடிக்கால். வாய்க்கால் மூலையில் தண்ணீர் திறந்துவிடும் மடை. கிணறு சாலையில், மேற்கு முனையிலிருந்து எண்பது தப்படி. அக்கா தப்படி வைத்தால் சரியாக ஒரு மீட்டர் என்றார் உடற்கல்வி ஆசிரியர். படம் பார்த்துப் பழக்கமில்லாதவர் என்று நான் நினைத்தது எவ்வளவு தவறு என்று தெரிந்தது.

கிணறு இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். மேற்கு வரப்பின் மேல் மட்டும் நகரும்படி இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. கோட்டின் இரு பக்கப் பரப்பையும் திரையில் எழுதவைத்தேன். வரப்புப் புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். இரண்டு எண்களும் ஒன்றையொன்று நெருங்கி, ஓரிடத்தில் இரண்டும் மூவாயிரம் சதுர மீட்டர் என்று நின்றன.

"வந்துருச்சு!" என்று உடற்கல்வி ஆசிரியர் கைதட்டினார்.

அக்கா அவசரப்படவில்லை. "எண்பதுன்னது கெணத்து மேட்டோட ஓரமுங்க. நடுக்கெணறுன்னா இன்னும் ரெண்டு தப்படி கெழக்க போவோணும்."

கிணற்றை நகர்த்தினேன். எண்கள் கலைந்துவிட்டன. பரவாயில்லை என்று வரப்புப் புள்ளியை மறுபடி தள்ளிச் சரிசெய்தேன். அவர்கள் இருவரும் அதிலேயே திருப்தியாகிப் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். பயிற்சியில் சரிந்த சதுரம் நினைவுக்கு வந்தது. இங்கேயும் அதே கதைதான். பங்கு சமமாக இருக்க வேண்டும் என்று படத்திடம் நான் சொல்லவில்லை. கண்ணால் பார்த்து நிறுத்தியிருந்தேன்.

கிணறு எங்கே இருந்தாலும் வரப்பில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அதை யார் தீர்மானிக்கிறார்கள்? அந்தப் புள்ளியை நான் தள்ளாமல், அதுவே கறுப்புப் புள்ளியாகத் தன் இடத்துக்குப் போகும்படி செய்ய முடியாதா? கேள்வி பேருந்தில் கூடவே வந்தது. திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் இயற்கணிதம் நடத்தும்போதும் ஓரமாக உட்கார்ந்திருந்தது. கிணற்றை ஐந்து ஐந்து மீட்டராக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் வரப்புப் புள்ளி எங்கே நிற்கிறது என்று குறித்தேன். கிணறு சாலையின் நடுவில் இருந்தால் புள்ளி வாய்க்கால் மூலைக்கே போய்விடுகிறது. கிணறு கிழக்கு முனைக்குப் போனால் புள்ளி வரப்பின் நடுவுக்கு வருகிறது. இடையில் அது நகரும் விதம் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்திருந்தேன். கணவர் குழம்பை எனக்கும் ஊற்றிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன, துணி வெட்டுற மாதிரி இருக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது பெரிய சிக்கலாகத் தெரியவில்லை.

"முதல்ல நடுவுல வெட்டிக்கோ. அது சமம்தானே? அப்புறம் கிணறு வரைக்கும் போறதுக்காக மேற்குப் பக்கத்துல எவ்வளவு கூடச் சேர்த்தியோ, அதே அளவு வேற இடத்துல அந்தப் பக்கத்துலேருந்து கழிச்சுடு. துணியில நாங்க அப்படித்தான் செய்வோம்."

சொல்லிவிட்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார். நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, சாலையின் நடுப்புள்ளியையும் வரப்புப் புள்ளியையும் ஒரு கோட்டால் சேர்த்தேன். அந்தக் கோட்டின் மேல் இப்போது இரண்டு முக்கோணங்கள். ஒன்றின் உச்சி கிணறு; அது மேற்குப் பங்கில் கூடச் சேர்ந்தது. இன்னொன்றின் உச்சி வாய்க்கால் மூலை. அது மேற்குப் பங்கிலிருந்து கழிந்தது. இரண்டுக்கும் அடிப்பக்கம் ஒன்றே. இரண்டும் சமமாக இருக்க வேண்டும்.

ஒரே அடிப்பக்கத்தின் மேல், ஒரே இணைகோடுகளுக்கு இடையே அமைந்த முக்கோணங்களின் பரப்பு சமம்.

ஒன்பதாம் வகுப்புப் பாடம். பதினெட்டு முறை நடத்தியிருக்கிறேன். தேர்வில் வரும் என்று நட்சத்திரக் குறி போடச் சொல்லியிருக்கிறேன். இது எதற்குப் பயன்படும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

உச்சிகள் இரண்டும் அடிப்பக்கத்துக்கு இணையான ஒரு கோட்டில் இருந்தால் போதும். அதாவது, வாய்க்கால் மூலையையும் கிணற்றையும் சேர்த்து ஒரு கோடு; சாலையின் நடுப்புள்ளி வழியாக அதற்கு இணையாக இன்னொரு கோடு. அந்த இரண்டாவது கோடு மேற்கு வரப்பை எங்கே வெட்டுகிறதோ, அதுதான் நான் தேடிய இடம். போட்டேன். கறுப்புப் புள்ளி ஒன்று பிறந்தது. கிணற்றைப் பிடித்து இழுத்தேன். புள்ளி வரப்பில் ஏறியது, இறங்கியது. பரப்பு இரண்டு பக்கமும் மூவாயிரத்திலேயே நின்றது. எண்பத்திரண்டு, தொண்ணூறு, நூற்றுப் பத்து. மூவாயிரம், மூவாயிரம், மூவாயிரம்.

"சோறு ஆறுது" என்றார் கணவர்.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டியபோது, அவரும் கிணற்றைப் பிடித்து ஆசைதீர இழுத்தார். நடுப்புள்ளியைத் தாண்டி மேற்கே இழுத்த மாத்திரத்தில் பச்சை நிறம் முழுவதும் மறைந்துபோனது.

"டீச்சர், தோட்டத்தையே காணம்!"

கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு விளங்கியது. கிணறு நடுவைத் தாண்டினால் அந்த இணைகோடு மேற்கு வரப்பை வெட்டாது. கிழக்கு வரப்பைத்தான் வெட்டும். இல்லாத புள்ளியை வைத்துப் பரப்பு சொல்லச் சொன்னதால் மென்பொருள் கையை விரித்துவிட்டது. கிழக்கு வரப்புக்கும் ஒரு வெட்டுப்புள்ளி கொடுத்த பிறகு தோட்டம் திரும்பி வந்தது. அவர்களுடைய கிணறு கிழக்கே இருந்ததால் இந்தத் திருத்தத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆனாலும் அதைச் செய்யாமல் அன்று வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் மூவரும் தோட்டத்தில் இருந்தோம். நான் மடிக்கணினியைப் பையில் கொண்டுபோயிருந்தேன். மேற்கு வரப்பில் சாலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் அந்தப் புள்ளி வருகிறது என்று நான் சொல்ல, உடற்கல்வி ஆசிரியர் நாடா பிடித்து அங்கே ஒரு குச்சி நட்டார். குச்சியிலிருந்து கிணற்றுக்குக் கயிறு கட்டினார். கயிற்றின் மேலேயே சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டு நடந்தார். ஓடுபாதை போடும் கை. கோடு பளிச்சென்று விழுந்தது.

அக்கா கிணற்று மேட்டில் நின்று அந்த வெள்ளைக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். கிழக்குப் பங்கு தனக்கு, மேற்குப் பங்கு தம்பிக்கு என்று ஏற்கெனவே பேசியிருந்தார்கள்.

"டீச்சரு, கயித்துக்குக் கெழக்க நானு. அப்பன்னா மடை முச்சூடும் என்ற பக்கம் வந்துருச்சுங்களே. தம்பிக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். ஊரார் சொன்ன இரண்டு கோடுகளும் வாய்க்கால் மூலையிலிருந்து கிளம்பியவை. அதனால் மடை இருவருக்கும் பொதுவாக இருந்தது. என் கோடு அந்த மூலையை விட்டு விலகி வரப்பில் முடிந்திருந்தது. மடை முழுவதும் அக்காவின் பங்கில் நின்றது.

"கெணறு இருக்குதல்லக்கா. எனக்கு அது போதும்" என்றார் தம்பி.

"கெணத்துல தூரு தெரியற வருசம் என்ன பண்ணுவ சாமி? வாய்க்கா தண்ணிய என்றகிட்ட வந்து கேட்டுக்கிட்டு நிப்பியா? நானிருந்தா தருவேன். எனக்கப்பறம்?"

தம்பி கோட்டின் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்துபோய் நின்றார். "ஏக்கா, உன்ற கொடிக்கால் மூலைய இது வெட்டிக்கிட்டுப் போவுது. அதச் சொல்லவே இல்ல நீ?"

நானும் போய்ப் பார்த்தேன். அகத்தி மரங்களில் ஏறிப் படர்ந்த வெற்றிலைக் கொடிகளின் கடைசி வரிசைகளில் சுண்ணாம்பு விழுந்திருந்தது. அந்த வரிசைகள் தம்பியின் பங்குக்குப் போகின்றன. அக்கா மடையைப் பற்றிக் கேட்டாரே தவிர, இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அது கெடக்குது. வேற பக்கம் நட்டுக்கலாம்" என்றார்.

தம்பிக்காக அக்கா பேசுகிறார், அக்காவுக்காகத் தம்பி பேசுகிறார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். கிணற்றின் வழியாகப் போய்ப் பங்கைச் சமமாக்கும் நேர்கோடு ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அதை நான் போட்டுவிட்டேன்.

மோட்டார் அறையின் நிழலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். சும்மா இருக்க முடியாமல்தான். அக்கா கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். திரையில் எல்லாக் கோடுகளும் தெரிந்தன. வாய்க்கால் மூலையிலிருந்து கிணற்றுக்கு ஒன்று. அதற்கு இணையாக நடுப்புள்ளி வழியாக ஒன்று.

"இது ரெண்டும் எதுக்குங்க, ரயில் ரோடாட்டம்?" என்று கேட்டார் அக்கா.

விளக்க ஆரம்பித்தேன். இந்த முதல் கோட்டை அடிப்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். உச்சியை அந்த இரண்டாவது கோட்டின் மேல் எங்கே வைத்தாலும் முக்கோணத்தின் பரப்பு மாறாது என்று சொல்லிக்கொண்டே, காட்டுவதற்காக அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளியை வைத்தேன். அதிலிருந்து கிணற்றுக்கு ஒரு கோடு, வாய்க்கால் மூலைக்கு ஒரு கோடு.

அங்கேயே நிறுத்திவிட்டேன்.

கிணற்றில் கிளம்பி, அந்தப் புள்ளியில் திரும்பி, மடையில் போய் முடிகிற ஓர் எல்லை திரையில் இருந்தது. கைகள் அவசரப்பட்டன. இரு பக்கப் பரப்பையும் எழுதவைத்தேன். மூவாயிரம், மூவாயிரம். புள்ளியை அந்தக் கோட்டிலேயே மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். எல்லை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்தது. எண்கள் அசையவில்லை. நேர்கோடு ஒன்றுதான். ஆனால் ஒரே ஒரு வளைவை அனுமதித்தால் எத்தனையோ கோடுகள் இருந்தன. எல்லாமே சமம். எல்லாமே கிணற்றையும் மடையையும் இருவருக்கும் கொடுத்தன. ஒரு வாரமாக அந்த இணைகோட்டை வரப்பு வெட்டும் ஓரிடத்துக்காக மட்டுமே பயன்படுத்திவந்தேன். மீதிக் கோடு முழுவதும் சும்மா கிடந்திருக்கிறது.

"சார், இங்க வாங்க!" என்று கத்தினேன். வகுப்பில்கூட நான் அப்படிக் கத்துவதில்லை.

அக்காவுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு, "இந்தப் புள்ளிய எங்க வேணா வெச்சுக்கலாமுங்களா? பங்கு மாறாதுங்களா?" என்று கேட்டார்.

"இந்தக் கோட்டு மேல எங்க வேணும்னாலும்."

"நான் தொடலாமுங்களா?"

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு, தொடுபலகையில் வைத்தார். முதலில் புள்ளி அவருக்கு அடங்காமல் ஓடியது. பிறகு பிடிபட்டது. நிமிர்ந்து கொடிக்காலைப் பார்த்தார், குனிந்து திரையைப் பார்த்தார். கொடிக்காலின் மூலை எத்தனை தப்படியில் வருகிறது என்று தம்பியைக் கேட்டார். அவர் நடந்து எண்ணிச் சொன்னார். நான் அந்த இடத்தைத் திரையில் குறித்தேன். அக்கா புள்ளியை மெதுவாகத் தெற்கே தள்ளிக்கொண்டே வந்தார். நாலாவது முயற்சியில் எல்லை கொடிக்காலை உரசாமல் அதற்கு மேற்கே ஒதுங்கிப் போயிற்று.

"இங்க" என்றார். "இது போதும்."

பழைய சுண்ணாம்புக் கோட்டைத் தம்பி காலால் தேய்த்து அழித்தார். புதிதாக இரண்டு கயிறுகள் கட்டினோம். திருப்பத்தில் குச்சி நட்டபோது அக்கா அதைத் தானே வாங்கி மண்ணில் அடித்தார். மூன்று பேரும் அந்த எல்லையின் ஓரமாகக் கிணற்றிலிருந்து மடைவரை நடந்தோம். கொடிக்காலை ஒட்டி நடக்கும்போது வெற்றிலையின் காரவாசனை வந்தது. மடையில் அன்று தண்ணீர் இல்லை. பலகை மட்டும் காய்ந்து கிடந்தது. தம்பி அதன் இந்தப் பக்கமும் அக்கா அந்தப் பக்கமும் நின்றார்கள். எனக்குத்தான் அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது.

முறைப்படி அளக்க வந்த சர்வேயர் வளைந்த எல்லையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நேராகப் போட்டால் ஒரு கல் மிச்சம், எதற்கு இந்தத் திருப்பம் என்று கேட்டிருக்கிறார். அக்கா விடவில்லையாம். அளந்து முடித்ததும் பங்குகளுக்கிடையே ஒரு சென்டுக்கும் குறைவான வித்தியாசம் வந்தது. சாலைப் பக்கம் முழுக்க நேராக இல்லை, லேசாக உப்பியிருக்கிறது என்பதுதான் காரணம். படத்தில் நான் அதை நேர்கோடாகப் போட்டிருந்தேன். எனக்கு அது உறுத்தியது. அவர்கள் இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கல் நட்டாகிவிட்டது.

அந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு இணைகோட்டுத் தேற்றத்தை நடத்தியபோது நட்சத்திரக் குறி போடச் சொல்லவில்லை. மூன்று மூலைத் தோட்டம் ஒன்றையும் ஒரு கிணற்றையும் ஒரு மடையையும் கொடுத்து, சமபாகமாக எல்லை போடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் பதினாறு பேர் பதினாறு விதமான எல்லைகளோடு வந்தார்கள். எல்லாமே சரி. எது சரி என்று கேட்டு அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம்.

ஒரு மாலை மோகனூர் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்துவிட்டுச் சற்றுத் தயங்கினார்.

"டீச்சரு, எங்க பக்கத்துத் தோட்டம் நாலு மூலைங்க. அதுலயும் இப்படி ஒரு கோடு இருக்குமுங்களா? எங்க தள்ளுனாலும் பங்கு மாறாத கோடு?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். "ஏன் அக்கா, அவங்களும் பாகம் பிரிக்கிறாங்களா?"

"அட இல்லீங்க. அவங்களுக்கு அப்படி ஒண்ணுமில்ல. களை எடுத்துக்கிட்டிருந்தேன், அந்த வரப்பப் பாத்தேன், நெனப்பு வந்துது. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதானுங்க."